மண்டி கலங்கக் கூடாது

சிவப்பு வைனைச் சில்லென்று குடிக்கக் கூடாது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. நுவரெலியாவில் பனி கொட்டும் மாதங்களில் நாக்கில் துவர்ப்பு மட்டும் நிற்கும், பழம் தெரியாது. இன்ஸ்பெக்டர் ஐயா, இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். அட்டனில் எட்டாவது வரை படித்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பழகியவன், அதனால் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவ மாட்டேன்.

தோட்டத்தை நடத்திய பிரெண்டன் துரையின் பங்களாவில் நான் அப்பு. சமையலும் மேசையும் என் பொறுப்பு. துரை சண்டைக் காலத்தில் இத்தாலியின் தெற்கே இருந்தவர். அந்த மண்ணின் திராட்சையில் செய்த வைனைத் தவிர வேறெதையும் மதிக்க மாட்டார். பெட்டிகள் கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் நானுஓயாவில் இறங்கும். பங்களாவுக்குப் பின்னால் மலையைக் குடைந்து ஒரு நிலவறை கட்டியிருந்தார். அங்கே போத்தல்களைப் படுக்கவைத்து அடுக்குவோம். தக்கை காயக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. அசைக்கவே கூடாது. அசைத்தால் அடியில் படிந்த மண்டி கலங்கிவிடும்.

ஞாயிறு மத்தியானங்களில் துரை ஒன்றைத் திறந்து எனக்கும் ஒரு வாய் ஊற்றுவார்.

"சொல்லு முத்துலிங்கம். என்ன இருக்கு?"

பிரிமித்தீவோ என்ற வைனில் கனிந்த நாவற்பழமும் கருப்பட்டியும் இருக்கிறது என்றேன். நேக்ரோஅமாரோ என்ற இன்னொன்றின் முடிவில் வறுத்த காப்பியின் கசப்பு என்றேன்.

"நாவல் நான் சாப்பிட்டது இல்ல. ஆனா நீ சொல்றது சரி" என்று சிரித்தார்.

அக்லியானிக்கோ வேறு சாதி. முதல் வாயில், கொதிக்கவிட்ட தேயிலைச் சாயத்தைக் குடித்ததுபோல ஈறெல்லாம் இறுகிப்போயிற்று. "இது இப்ப சின்னப் புள்ள. பத்து வருஷம் தொடக் கூடாது. அப்புறம் பாரு" என்றார் துரை. நான் அந்த வார்த்தையை நம்பினேன். என் நாக்கு என்ன சொல்கிறது என்று அதற்கு முன் யாரும் என்னைக் கேட்டதில்லை.

பனிக் காலைகளில், அன்றைக்குத் திறக்கும் போத்தல்களின் குளிர் விடட்டும் என்று, தோட்டக்காரன் வீரய்யா கரிச் சட்டியில் தணல் போட்டு நிலவறை வாசலோரம் கொஞ்ச நேரம் வைப்பான். கதவுக்கு ஆப்பு செருகித் திறந்து விட வேண்டும். மேலே இருக்கும் காற்றுத் துவாரமும் திறந்திருக்க வேண்டும். தணல் இருக்கையில் ஆள் உள்ளே நிற்கக் கூடாது, அடைந்த இடத்தில் கரியின் நச்சுக் காற்று ஆளைக் கொன்றுவிடும்.

"சாமிக்குக்கூட இம்புட்டுப் பணிவிட கெடையாதுண்ணே. போன சென்மத்துல என்னா புண்ணியம் பண்ணுச்சோ இந்தப் போத்தலு" என்பான் வீரய்யா.

"வாய மூடிக்கிட்டுத் தணலப் பாருடா" என்பேன். நல்லவன்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதம், துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போவதென்று முடிவாயிற்று. சுற்று வட்டாரத் துரைமாருக்கெல்லாம் விருந்து என்றார்.

"எல்லாப் போத்தலும் எடு. அக்லியானிக்கோவும்."

"அது இன்னும் ஆகலைங்க தொரை. பத்து வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க."

"பத்து வருஷம் யாரு இங்க இருக்கிறது? புடிக்காதவன் சோடா ஊத்திக் குடிக்கட்டும்."

சோடா என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது மனதில் தங்கிவிட்டது.

விருந்தன்று காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. வீரய்யா வழக்கத்தைவிட நிறையத் தணல் வைத்துவிட்டு, மேசைக்குப் பூ வெட்டப் போனான். கதவு திறந்துதானே இருக்கிறது என்று, துரை போத்தல்களைத் தானே பொறுக்கி எடுக்க உள்ளே போனார். நான் ஆப்பை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கொழுந்துச் சாக்கு ஒன்றைச் சுருட்டித் துவாரத்தில் அடைத்தேன். கோபம் எதுவும் இல்லை.

"முத்துலிங்கம், காத்துல கதவு சாத்திடுச்சு. தொற" என்று முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு தட்டினார். பிறகு அடுக்குகளைப் பிடித்து உலுக்குகிற சத்தம் கேட்டது.

"உலுக்காதீங்க தொரை. மண்டி கலங்கிடும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவரும் புரிந்துகொண்டார். சத்தம் நின்றது.

தாழ்ப்பாளை நீக்கிவைத்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். விசாரணையில், வழக்கமாகத் தணல் வைப்பது யார் என்று கேட்டார்கள். வீரய்யா என்றேன். அது உண்மை. தோட்டத்துப் பேரேட்டில் அவன் பேரை வெட்டி, வேலை போயிற்று என்று பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அவன் மனைவி பூரணி என்னிடம் வந்தாள்.

"அந்த மனுசன் சாக்கத் தொடவே இல்லேங்குறாருண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

"குளிருக்கு யாராச்சும் அடைச்சிருப்பாங்கம்மா" என்றேன். அந்த வாரமே லயத்தைக் காலி செய்தார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கல்லுடைக்கப் போனதாகக் கேள்வி. அவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்து வந்த துரை பேய்க்குப் பயந்தோ என்னவோ, ஆலைக்குப் பக்கத்தில் வேறு பங்களா கட்டிக்கொண்டார். நான் பழைய பங்களாவுக்குக் காவலாக நின்றுவிட்டேன். பனிக் காலைகளில் நிலவறைக்குள் தட்டும் சத்தம் கேட்கிறது என்று கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சொல்வார்கள். எனக்கும் கேட்கும். கதவருகே போய் நின்று அதே பதிலைத்தான் சொல்வேன். சத்தம் நின்றுவிடும்.

அன்றைய சூட்டில் தக்கைகள் சில மேலே எழும்பிக் கசிந்திருந்தன. அழுத்தி மெழுகு வைத்தேன். அதற்குப் பிறகு பத்து வருஷமும் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இந்தத் தையில் திறந்தேன். ஆனால் தனியாக ருசி பார்ப்பது ருசி பார்ப்பதாகாது, ஊற்ற ஒருவர், சொல்ல ஒருவர் வேண்டும். தோட்டத்தில் யாரும் அந்த வாசலுக்கு வர மாட்டார்கள். கொலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று எழுதினால் நீங்கள் வந்தே தீர வேண்டும் அல்லவா? அதனால்தான் எழுதினேன்.

நீங்கள் ஒரு வாய் வைத்தவுடன் துப்பிவிட்டீர்கள். "இது புளித்துப்போன வினாகிரி. அச்சாறு ஊற வைக்கத்தான் ஆகும்" என்றீர்கள். பரவாயில்லை ஐயா, உங்களுக்குப் பழகாத நாக்கு. என்னைக் கொண்டுபோங்கள், நான் வருகிறேன். மிச்சப் போத்தல்களை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு பத்து வருஷம் கிடந்தால் சரியாகிவிடும்.