நான்காம் மாடி வரை செம்பு

“அம்மா, கம்ப்யூட்டர் நெட்வொர்க் கம்பிக்குச் செம்புதான் மலிவுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“எல்லாரும்தாண்டா சொல்றாங்க.”

“எல்லாரும் கம்பிச் சுருளோட விலையை மட்டும் பாக்கறாங்க.” சாமுலி கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தான். “செம்பு தொண்ணூறு மீட்டர் போனதுமே மூச்சு வாங்கும். மாடிக்கு மாடி கருவிக்குன்னு ஒரு அலமாரி வைக்கணும். அதுக்குக் கரண்டு, ஏசி, பூட்டு, சாவி. கை மொத்தத்துக்குக் கட்டுக்கட்டா இழுக்கணும். கண்ணாடி இழைன்னா விரல் தடிமன்ல ஒண்ணு, அடித்தளத்துலேர்ந்து நேரா மேல போயிடும். எல்லாத்தையும் கூட்டிப் பாரு, உன் ஆபீஸ் கட்டடத்துக்குக் கண்ணாடிதான் லாபம்.”

“எத்தனை நாள் வேலை?”

“ரெண்டு வாரம். முடிச்சிட்டு நிம்மதியா ப்ளேன் ஏறிடுவேன்.”

நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன். காரணம் என்ன என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அது அந்தச் சமையலறை மேசையில் இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்கினேன்.

இங்கே பின்லாந்தில், தம்பெரெ நகரத்தில், எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் கொள்முதலை இருபது வருடங்களுக்கும் மேலாக நான்தான் பார்க்கிறேன். கம்பி வேலைக்கு எப்போதும் வருகிற நிறுவனத்தில் சாமுலிக்கு வேலை. என் ஒரே மகன். அவன் மனைவி ஹென்னாவுக்கு நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. புத்தாண்டு முடிந்ததும் கிளம்புகிறோம் என்று ஏரிக்கரைக் குடிலில் வைத்துச் சொன்னார்கள். நல்லது என்றேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் போகாதே என்று சொல்லிப் பழக்கமில்லை. என் கணவர் ஸ்வீடனுக்குப் போய்த் திரும்பாமலேயே இருந்துவிட்டார். அவர் கிளம்பிய அன்றும் சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தது நான்தான்.

இரண்டின் செலவு ஒப்பீட்டை நான் தயாரித்தேன். அதில் ஒரு பொய் எண் கூடக் கிடையாது. கண்ணாடி இழையின் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்தேன்: இரு முனைகளிலும் வைக்கும் கருவிகள், இழை ஒட்டும் இயந்திரத்தின் வாடகை, பயிற்சிச் செலவு. செம்பின் பக்கத்தில் கம்பியும் சாக்கெட்டும் மட்டும். அலமாரி, மின்சாரம், குளிரூட்டல், கூலி ஆகியவை பராமரிப்புக் கணக்கில் வருபவை என்று விட்டுவிட்டேன். செம்பு பாதி விலைக்கு வந்தது; வேலை மட்டும் மாதக்கணக்கில் நீளும். மேலாளர் ரிஸ்தோ கடைசி வரியை மட்டும் பார்த்தார். “மெர்யா, நீ பாத்தாச்சுன்னா நான் எதுக்குப் பாக்கணும்?” என்றார்.

சாமுலிக்கு வருத்தம். “உங்க ஆபீஸ்ல யாருக்குமே கூட்டத் தெரியாதாம்மா?” என்றான். என் கை அதில் இருந்ததை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வேலையைப் பாதியில் விட்டுப் போகிற பிள்ளையும் அல்ல. ஹென்னா ஜனவரியில் தனியாகப் புறப்பட்டாள். அப்போது அவள் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

அந்தக் குளிர்காலம் நன்றாக இருந்தது. வியாழக்கிழமைகளில் கேன்டீனில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் நானும் அவனும் சேர்ந்தே சாப்பிட்டோம். நான்காம் மாடிக் கோப்பு அறையில் வேலை பார்க்கும் தூலாவும் எங்கள் மேசைக்கு வந்துவிடுவாள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண்.

“மெர்யா, அவன் பொண்டாட்டி உள்ளவன். சூப்பை நீ ஆத்திக் குடுக்காதே,” என்பாள். அவனிடம், “நீ என்னடா, கம்பி இழுக்கறியா, இல்ல அம்மா முந்தானையைப் பிடிச்சு இழுக்கறியா? பொறக்கப்போற பிள்ளை உன்னை மாமான்னு கூப்பிடப்போகுது, பாத்துக்க.”

சாமுலி வாய்விட்டுச் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

மார்ச் தொடக்கத்தில் வேலை முடியும் நிலைக்கு வந்தது. செம்புக் கட்டுகள் மாடி விட்டு மாடி ஏற, தளங்களில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் போட்டிருந்தார்கள். கம்பி இழுத்து முடிந்ததும் சுற்றிலும் தீத்தடுப்புக் கலவை வைத்து அடைக்க வேண்டும். கடைசி வேலை அதுதான். அவன் வாளியோடு நின்றபோது நான் போனேன்.

“இப்ப அடைக்காதடா. மூணாம் மாடிக்குப் புது மேசைங்க வருது. இன்னும் கம்பி இழுக்கணும்.”

“எப்ப வருது?”

“அடுத்த மாசம் இருக்கும்.”

“அதுவரைக்கும் தொறந்தா கிடக்கறது? ஓட்டையை இப்படி விட்டா எனக்குத் தூக்கம் வராதும்மா. இப்ப அடைச்சிடறேன், அப்புறம் வேணும்னா குடைஞ்சுக்கலாம்.”

“ரெட்டை வேலை, ரெட்டைச் செலவு. ரிஸ்தோகிட்ட நான் பேசிக்கறேன். இத்தனை நாள்ல உங்கம்மா உனக்குத் தப்பா எதையாவது சொல்லியிருக்காளா?”

அவன் வாளியை மூடினான். புது மேசைகள் எதுவும் வரவிருக்கவில்லை. அவனோடு இன்னொரு மாதம் கிடைக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, முதல் மாடிச் சமையலறையில் காப்பி இயந்திரம் பற்றிக்கொண்டது. சின்னத் தீ. அந்த அறையைத் தாண்டவில்லை. புகைதான் தாண்டியது. அது ஓட்டைகள் வழியாக ஏறி நான்காம் மாடியின் கோப்பு அறையில் நிறைந்தது. ஜன்னல் இல்லாத அறை. நாங்கள் கீழே பனியில் கோட்டு இல்லாமல் நின்று ஆட்களை எண்ணினோம். தூலா வரவில்லை.

ஓட்டைகள் ஏன் திறந்திருந்தன என்று நீங்கள் சாமுலியிடம் கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்றான். விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவனுடைய கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அன்று மாலையே பெட்டியுடன் என் வீட்டுக்கு வந்தான். என்னைப் பார்த்தான், பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தான். மேசைகளைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனுடைய பழைய அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்தேன், நீலத்தில். தூலாவின் அடக்கம் சனிக்கிழமை. அதற்குள் தைத்து முடித்துவிட்டேன்.

அவன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான். இரவில் கொஞ்சம் நடக்கிறான்.

நேற்று ஹென்னா போன் செய்தாள். “அத்தை, அவரு எதையும் மறக்கற ஆளில்ல. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களைக் குத்தம் சொல்லல. மே மாசம் குழந்தை பொறக்கும்போது அவரு பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்.”

அதனால் வந்தேன். ஒரு தாய் தன் பிள்ளை மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள். கணக்கைத் திரித்தது நான். ஓட்டையை அடைக்க விடாமல் தடுத்தது நான். தூலா இறந்தது என்னால். சாமுலி எதையும் மறக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

இதோடு அவன் மேல் உள்ள தடை நீங்கிவிடும், இன்று மாலையே கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுப்போம் என்கிறீர்கள். இன்றைக்கேவா?

ஒரு நிமிடம், இன்ஸ்பெக்டர். பேனாவைக் கீழே வையுங்கள். குடிலில் அவன் சொன்ன நாளிலிருந்து நான் கேட்க நினைத்தது ஒன்று இருக்கிறது. அவனிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

அவனைப் போக விடாதீர்கள்.