நன்றிக்கு ஒரு நடை

— தலகாணிய உருவாதீங்க மாமா. காலு ஒசரத்துலதான் இருக்கணும்னு சிஸ்டரு சொல்லிட்டுப் போனாங்கல்ல?

— ஒசரத்துல வெச்சா அது என் மூஞ்சிக்கு நேரா நிக்கிது சவரி. பகல் பூரா அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கச் சொல்றியா?

— பாருங்க. பாத்தாவது புத்தி வரட்டும். சாயங்காலம் டாக்டரு வருவாரு. எடுக்கலாமா வேணாமான்னு அப்ப ஒரு பதில் சொல்லியாவணும்.

— காலையிலயே சொல்லிட்டேன். வேணாம்.

— முட்டிக்குக் கீழ எடுத்தா ஆள் பொழைக்கலாம், வுட்டா விஷம் மேல ஏறிடும்னு அவரு சொன்னது காதுல வுழுந்துச்சா இல்லியா?

— வுழுந்துச்சு. காலுதான் செத்துப்போச்சு, காது நல்லாத்தான் இருக்குது.

— யக்கா, அண்ணனுக்கு வாயும் நல்லாத்தான் இருக்கு. அத எடுக்கட்டுமான்னு டாக்டரு கேக்கலியா?

— கேட்டா இந்த நிமிஷமே சரின்னு சொல்லிடுவேன் அமிர்தம். நீ பக்கத்துக் கட்டில்ல உன் வூட்டுக்காரரப் பாரும்மா. பாவம், எழுப்பித் தண்ணி குடு.

— எங்காளுக்கு என்னா, ரெண்டு வெரல எடுத்தப்புறம் பெண்ணாடத்துல தூங்குறதவிட இங்க நல்லாத் தூங்குறாரு. கேட்டுக்குங்க அண்ணே, இவருக்கு மூணு வெரலு எடுக்கணும்னுதான் சொன்னாங்க. மாட்டுச் சந்தையில நிக்கிறவரு மாதிரி, ரெண்டோட வுட்டுடுங்க சார்னு பேரம் பேசுனாரு. டாக்டரு சிரிச்சிட்டாரு. நீங்களும் பேசிப் பாக்குறதுதான?

— பேரமெல்லாம் நான் வேற எடத்துல பேசி முடிச்சிட்டேம்மா.

— எந்த எடத்துல மாமா?

— ஒண்ணுமில்ல. பேச்சுக்குச் சொன்னேன்.

— யக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. அண்ணனுக்கு எப்புடி இந்தப் புண்ணு வந்துச்சு? எங்காளுக்காவது கரும்புத் தோகை கிழிச்சிச்சு.

— நடந்து வந்துச்சு அமிர்தம். சக்கர இருக்கு, செருப்பு போட்டுக்கிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். கேக்கல. காவி வேட்டிய கட்டிக்கிட்டு, கடலூர் முதுநகர்ல இருந்து வேளாங்கண்ணி வரைக்கும் வெறுங்கால்ல நடந்தாரு. ஆவணி வெயில்ல. கொப்புளம் ஒடஞ்சது கூடத் தெரியல இந்த மனுஷனுக்கு.

— எப்புடித் தெரியும்? இருவது வருஷமா ஐஸ் பேக்டரியில ஈரத்துல நிக்கிறேன். அதுல மரத்துப்போன காலுன்னு நெனச்சிக்கிட்டேன். வலிக்காதது நல்லதாப் போச்சு, மாதா தூக்கிக்கிட்டுப் போறாங்கன்னு சந்தோஷமா நடந்தேன்.

— அய்யோ அண்ணே! சக்கரக்காரனுக்கு வலிக்கலன்னாதான் பயப்படணும். எங்க ஊரு நர்ஸம்மா மைக் வெச்சிச் சொல்லுது. அப்புடி என்னா வேண்டுதல்?

— இவளுக்குத்தான்.

— எனக்கு மாருல ஒரு கட்டி இருந்துச்சு அமிர்தம். சத எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புனாங்க. முடிவு வர்றதுக்குள்ள இவரு கெளம்பிட்டாரு.

— முடிவு?

— நல்ல முடிவும்மா! சாதாரணக் கட்டிதான்னு சொல்லிட்டாங்க. நான் கோயில் வாசல மிதிக்கிறேன், இவ போன்ல சொல்றா. கொடியேத்துற கூட்டம். அம்மாம் பெரிய கூட்டத்துல வெக்கமில்லாம அழுதேன்.

— அப்ப ஒரு காலு போனாத்தான் என்னா அண்ணே? பொண்டாட்டி பொழச்சிருக்கா. சரின்னு தலையாட்டுங்க.

— பழைய கதையெல்லாம் எதுக்கு அமிர்தம். மாமா, நேராவே கேக்குறேன். கால எடுத்துட்டா வேலைக்குப் போவ முடியாதுன்னு பயப்படுறீங்களா? மொதலாளிகிட்ட பேசிட்டேன். வாசல்ல ஒக்காந்து வண்டிக்கு ஐஸ் எண்ணி வுடுற வேலை தர்றேன்னுட்டாரு.

— அது இல்ல.

— நொண்டின்னு ஊர்ல பேசுவாங்கன்னா?

— பேசுறவன் பேசிட்டுப் போறான். எனக்கென்னா, மாப்பிள்ள பாக்கவா போறாங்க?

— அப்ப வலிக்கா?

— சவரி, நொய்நொய்ங்காத. மாத்திரையிலயே ஆறும். ஆறலன்னா வர்ற தவக்காலம் முடிஞ்சி எடுத்துக்கட்டும். நானே நீட்டுறேன்.

— தவக்காலமா? அது ஈஸ்டருக்கு முன்னால வர்றது, இப்ப அக்டோபரு, ஜெபமாலை மாசம் நடக்குது! சாயங்காலத்துக்கு மேல பொறுக்க முடியாதுங்குறாங்க, இவரு அடுத்த வருஷத்துக்கு நாள் குறிக்கிறாரு. தவக்காலத்துல அப்புடி என்னாதான் இருக்கு?

— இருக்கு.

— என்னான்னு சொல்லுங்க மாமா. என் தலையில கை வெச்சிச் சொல்லுங்க.

— கைய எடு. ஆஸ்பத்திரியில தலையெல்லாம் தொட்டுக்கிட்டு. சொல்றேன். நேந்துக்கிட்டது ஒரு நடை இல்ல. ரெண்டு.

— ரெண்டா?

— கேக்குறதுக்கு ஒண்ணு. கேட்டது கெடச்சா, நன்றிக்கு ஒண்ணு. ரெண்டும் வெறுங்கால்ல. ஒண்ணு முடிஞ்சிது. இன்னொண்ணத் தவக்காலத்துல நடக்குறேன்னு சொல்லியிருக்கேன். அது வரைக்கும் எனக்குக் காலு வேணும்.

— இதுக்காகவா மாமா? இதுக்காகவா காலையில இருந்து சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தீங்க?

— உனக்குச் சாதாரணமா இருக்கு. எங்க அண்ணன் ஜெயசீலன் என்னா பண்ணான்? பையனுக்குக் காய்ச்சல் எறங்குனா மொட்ட போட்டு நடந்து வர்றேன்னு நேந்துக்கிட்டான். எறங்குச்சு. அப்புறம் வேலை, மழைன்னு தள்ளிப்போட்டான். திரும்ப வந்துச்சுல்ல?

— அது கொசுவால வந்துச்சு! அவுங்க வூட்டுப் பின்னால சாக்கடை கெடக்குற லட்சணத்துக்கு நாமளே நேந்துக்கிட்டு அத அள்ளியிருக்கணும்.

— சிரிக்காத. குடுத்தத திரும்ப எடுத்துக்கிட்டா என்னா பண்ணுவ? உனக்கு அந்தக் கட்டி திரும்ப வந்தா நான் என்னா பண்ணுவேன்? எனக்கு ஒரு காலா பெருசு? அதனாலதான் வெச்சிக்கிறேன். என் உசுருக்குப் பயந்து இல்ல சவரி. உன் உசுருக்கு.

— அண்ணே, நான் உங்க சாமி பத்தித் தெரியாதவ. கேட்டுக்குங்க. எங்க பக்கம் ஒருத்தரு வேண்டிக்கிட்டு முடியாமப் போனா, வூட்ல வேற ஆளு முடிச்சி வெக்கலாம். எங்க மாமனாரு காவடிய எங்காளுதான் எடுத்தாரு.

— கேட்டீங்களா மாமா? அமிர்தம் சொல்றது நல்லாயிருக்கு. உங்க நடைய நான் நடக்குறேன். நீங்க பின்னாடி ஆட்டோவுல வாங்க. மைக்குல பாட்டுப் போட்டுக்கிட்டு.

— வாய்விட்டுச் சொன்னவன் நான். மாதா கண்ணப் பாத்துச் சொன்னேன். உனக்காக நீயே நடந்தா அதுல நான் எங்க இருக்கேன்? முடியாது. டாக்டரு வந்தா வேணாம்னுதான் சொல்லுவேன். ஆண்டவர் சித்தம்.

— அவரு சித்தம்னு சொல்லிட்டு உங்க பிடிவாதத்த அவரு தலையில கட்டாதீங்க!

— யக்கா, சத்தம் போடாத. எங்காளு முழிச்சிக்கப் போறாரு.

— அமிர்தம், ஒரு ஒத்தாசை பண்றியா? பிளாஸ்குல வெந்நீர் தீந்துபோச்சு. கேண்டீன் வரைக்கும் போயி வாங்கிட்டு வரியா? மெதுவா வந்தாப் போதும்.

— பிளாஸ்கு பாதி இருக்கேக்கா... சரி, சரி. புரியிது. போறேன். எங்காள கொஞ்சம் பாத்துக்குங்க.

— ஏன் அந்தப் பொண்ண வெரட்டுற?

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னத் திட்டுவீங்க. திட்டுங்க. ஆனா சுவத்துப் பக்கம் திரும்பிக்காதீங்க.

— என்னா?

— நீங்க நன்றி சொல்றதுக்கு ஒண்ணும் நடக்கல மாமா.

— புரியல.

— நீங்க அன்னிக்கிக் கோயில் வாசல்ல இருந்து போன் போட்டீங்க. நானும் நம்ம பொண்ணு பிரியாவும் டாக்டரம்மாவப் பாத்துட்டு கடலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். உங்களுக்குப் பின்னால ஒரே கூட்டம், மரியே வாழ்கன்னு சத்தம். ‘வந்துட்டேன் சவரி, மாதாகிட்ட வந்துட்டேன், என்னா சொன்னாங்க’ன்னு கத்துனீங்க.

— சாதாரணக் கட்டின்னு சொன்ன.

— சொன்னேன். அப்புடித்தான் வாயில வந்துச்சு. வூட்டுக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம், அத்தினி தூரம் நடந்து போயி நிக்கிற மனுஷன அந்த எடத்துல ஒடைக்க வேணாம்னு. ஆனா நீங்க அழுதீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க அழுது நான் கேட்டதே இல்ல. வூட்டுக்கு வந்தும் பக்கத்து வூட்டுக்கெல்லாம் சக்கரப் பொங்கல் குடுத்தீங்க. அத எப்புடிப் புடுங்குறது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு. அதுக்குள்ள உங்க காலு கறுக்க ஆரம்பிச்சிடுச்சு.

— பொய் சொல்ற.

— இல்ல மாமா.

— என்னச் சம்மதிக்க வெக்கிறதுக்காகக் கதை கட்டுற. உனக்கு அந்த வித்த தெரியும். பிரியாவ ஹாஸ்டலுக்கு அனுப்புறப்பவும் இப்புடித்தான் ஏதோ சொல்லி என்ன ஏமாத்துன.

— அவளுக்குப் போன் போடட்டா?

— நீ சொல்லிக் குடுத்திருப்ப.

— அப்ப கையக் குடுங்க. இப்புடி, முந்தானைக்குள்ள. யாரும் பாக்கல. இங்க. இன்னும் கொஞ்சம் கீழ... தட்டுப்படுதா?

— சவரி.

— ம்.

— கல்லு மாதிரி இருக்குடி.

— ம்.

— இது முன்ன இவ்ளோ பெருசு இல்ல.

— இல்ல.

— வலிக்கிதா?

— இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் வலிக்கிறதுதான் இல்லியே.

— டாக்டரம்மா என்னா சொன்னாங்க? மறைக்காமச் சொல்லு.

— பயப்படாதீங்க, ஆரம்பந்தான்னு சொன்னாங்க. எடுத்துடணும். அப்புறம் மருந்து ஏத்தணும். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாங்க. சரியாயிடும், ஆனா தள்ளிப்போடாதீங்கன்னு.

— எப்பப் போவச் சொன்னாங்க?

— அன்னிக்கே. மாசம் ஒண்ணு தாண்டிடுச்சு.

— அன்னிக்கே சொல்லி நீ இன்னும் போவலியா?

— உங்கள யாரு பாத்துக்குவா? தனியா வுட்டா புண்ணு மேல வேப்பெலைய அரச்சி வெச்சிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பீங்க.

— அறிவிருக்காடி உனக்கு? வேண்டிக்கிட்ட நான் இங்க ஒருத்தன் முட்டாளு. நீ அதவிடப் பெரிய முட்டாளா இருக்கியே!

— திட்டுங்க.

— அப்ப... அப்ப மாதா கேக்கலியா சவரி? ராத்திரி பகலா நடந்தேனே. பரங்கிப்பேட்ட தாண்டி மழையில நனஞ்சி, இதோ இந்தச் சிதம்பரத்துல ஒரு கடை வாசல்ல படுத்துக்கிடந்து, உன் பேரச் சொல்லிச் சொல்லி நடந்தேனே. ஒரு வார்த்தை கூடவா காதுல வாங்கல?

— நானும் அதத்தான் கேட்டேன். எனக்கும் கோவந்தான் வந்துச்சு மாமா. மாதா சுரூபத்துக்கு ஒரு வாரமா மெழுகுவத்தி ஏத்தல. ஏத்தாம எதுத்தாப்புல ஒக்காந்து அவுங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். சண்டக்காரி மாதிரி.

— அப்புறம்?

— அப்புறம் திடீர்னு தோணிச்சு. இவுங்க புள்ளைய சிலுவையில இருந்து எறக்கி இவுங்க மடியிலதான வெச்சாங்க. அதுக்கு முன்னால இவுங்க வேண்டாமயா இருந்திருப்பாங்க? எந்தத் தாயும் வேண்டாம இருப்பாளா? இவுங்களுக்கே கேட்டது கெடைக்கல. அது தெரிஞ்சப்புறம் என்னால கோவப்பட முடியல.

— ஞாயித்துக்கெழம உயிர்த்தாருல்ல.

— உயிர்த்தாரு. ஆனா வெள்ளிக்கெழம சாயங்காலம் இவுங்களுக்கு அது தெரியாது மாமா. தெரியாமத்தான் மடியில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. எழுந்து போயிடல. அதனால நான் இப்பல்லாம் ஒண்ணும் கேக்குறதில்ல. கூட இருங்கன்னு மட்டும் சொல்றேன். இருக்காங்க. எப்புடித் தெரியும்னு கேக்காதீங்க. சொல்லத் தெரியாது.

— நான் வெறும் பேரம் பேசுனேன். சந்தக்காரன் மாதிரி.

— நீங்க எனக்காக நடந்தீங்க. அது எங்கயும் போயிடல. ஆனா நன்றிக்குன்னு ஒரு நடை நீங்க யாருக்கும் பாக்கி இல்ல. அதச் சொல்றதுக்குத்தான் இதச் சொன்னேன். இல்லன்னா இன்னும் கொஞ்ச நாளு உங்கள சந்தோஷமா வெச்சிருந்திருப்பேன்.

— கிட்ட வா.

— கிட்டதான இருக்கேன்.

— இன்னும் கிட்ட. முடியெல்லாம் எண்ணெ பாக்காமக் கெடக்கு பாரு. இத்தினி நாளா தனியாவா சுமந்த?

— பிரியா இருந்தா. அவ போன்ல தெனமும் அழுவா. நான் சமாதானம் சொல்லுவேன்.

— உனக்கு யாரு சொன்னா?

— இப்ப நீங்க சொல்லுங்க.

— எனக்குச் சொல்லத் தெரியலியே சவரி.

— பரவால்ல. கைய எடுக்காம இருங்க.

— யக்கா, வெந்நீர்... அய்யய்யோ, என்னா ரெண்டு பேரும் இப்புடி அழுவுறீங்க? நான் போயி வர்றதுக்குள்ள டாக்டரு வந்து ஏதாச்சும் சொல்லிட்டாரா?

— இன்னும் வரலம்மா. அமிர்தம், நீ ஒரு நடை போயி அவரு எந்த வார்டுல இருக்காருன்னு பாத்து, மொதல்ல இங்க வரச் சொல்லு.

— சாயங்காலந்தான அண்ணே வருவாரு?

— சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கு நேரமில்லன்னு சொல்லு. இந்தக் கால இன்னிக்கே எடுத்துடச் சொல்லு. இவளப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும், அதுக்கு எனக்கு ஒத்தக் காலு போதும்.