மேல்துளை மெழுகு

இந்த பார்லித் தேநீர் எங்கள் வீட்டில் போடுவதைவிட நன்றாக இருக்கிறது, ஐயா. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லுங்கள்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் மின்கலம் நான் பொருத்தியதுதான். கட்டைவிரல் அளவே இருந்தாலும் கெட்டிக்காரப் பொருள். கடல்தண்ணீர் பட்டால்தான் விழிக்கும். கீழ்த்துளை வழியே தண்ணீர் ஏறும். உள்ளே ஊறும் வாயு மேல்துளை வழியே குமிழியாகப் போகும். அதில் ஓடும் கருவி, தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் எங்கள் கைபேசிகளில் அலறும். இந்தக் கோடையில் ஊருக்கெல்லாம் மின்கலம் மாற்றும் முறை என்னுடையது.

வான்டோ தீவில் எங்கள் ஊருக்குக் காற்று ஊதும் படகு ஒன்றே ஒன்று. யாருடைய கருவி முதலில் அலறுகிறதோ அங்கே போகும்; தண்ணீர் தேறும்வரை நகராது. மிதவைக் கூண்டுகளில் நாங்கள் வளர்க்கும் அபலோன் சிப்பிக்கு அரைநாள் மூச்சு முட்டினால் போதும், செத்துவிடும். பக்கத்து மிதவைக்காரன் சீகொனின் கருவி போன இரண்டு வருடமும் கால்மணி நேரம் முந்திக்கொண்டது. இரண்டு வருடமும் என் சிப்பிகள் செத்தன. மூன்றாம் வருடமும் சாகவிட்டால் கடல்பங்கு அடுத்தவனுக்கு என்பது ஊர்க்கட்டு. ஐம்பத்தேழு வயதில் கடலைவிட்டு நான் எங்கே போவேன்? பயந்துபோனேன். தூக்கமே போயிற்று.

அவன் மின்கலத்தின் மேல்துளையை மெழுகால் அடைத்தேன். வெளியேற வழியில்லாத வாயு தண்ணீரைக் கீழே தள்ளிவிடும். வாளியில் நனைத்துக் காட்டியபோது பச்சை விளக்கு எரிந்தது; சீகொன் தலையாட்டினான். நானே இறங்கிக் கருவியை அடியில் நங்கூரக்கல்லில் கட்டினேன். அன்று மாலைக்குள் அணைந்திருக்கும். கருவி சும்மா இருந்தால் கடல் சுகம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி என் கருவி அலறியது, படகு வந்தது. சீகொனும் வந்தான், தன் சொந்த ஊதுகுழாயைத் தோளில் போட்டுக்கொண்டு.

"என்னண்ணே, மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? என் பக்கம் சத்தமே இல்ல. இதையும் வச்சு ஊதுங்க. சிப்பி பொழச்சா எனக்குச் சிப்பிக் கஞ்சி வச்சுத் தரணும், ஆமா. கஞ்சத்தனம் பண்ணாம ரெண்டு பெரிசாப் போடணும்."

"தரேன்டா" என்றேன். நாள் முழுக்க என் மிதவையில் உழைத்தான். எனக்கு அழுகை வந்தது. என் சிப்பிகள் பிழைத்தன.

மறுநாள் காலையில் அவன் கூண்டுகளில் எல்லாம் செத்துக் கழன்று கிடந்தன.  அவன் முக்குளிப்பு உடையை மாட்டினான்.

"கருவி ஏண்ணே கத்தல? எறங்கிப் பாத்துடறேன். நீங்க காத்தப் பாத்துக்கங்க. உங்கள விட்டா வேற யார நம்புறது?"

எட்டாள் ஆழம்; மேலிருந்து குழாய் வழியே போகும் காற்றுதான் அவனுக்கு மூச்சு. கயிற்றை இரண்டு முறை இழுத்தான். கருவி கிடைத்துவிட்டது என்று பொருள். மெழுகைப் பார்த்தால் என்ன புரியும் என்று அவனுக்குப் பதிலாக நானே யோசித்தேன். ஊருக்கு முன்னால் நிற்கும் தைரியம் எனக்கு இல்லை. காற்றுக் குழாயை மூடினேன். கயிறு மறுபடி மறுபடி இழுபட்டது. அப்படி இழுத்தால் என்ன பொருள் என்று நாங்கள் பேசிவைக்கவில்லை. கயிறு அசையாமல் நின்ற பிறகும் சற்று நேரம் காத்திருந்துதான் திறந்தேன்.

மின்கலம் அவன் கைக்குள்ளேயே இருந்தது என்றீர்கள். இருக்கும். எதையும் லேசில் விடமாட்டான்.

இதை மட்டும் என் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நேற்று அவன் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினேன், இரண்டு பெரிய சிப்பி போட்டு. சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை நான்.