வெல்மாவின் கடைசிக் காட்சி

காபி நன்றாகவே இருக்கிறது, லெப்டினன்ட். எங்கள் துப்பறியும் ரேடியோ நாடகத்தில் போலீஸ் நிலையத்துக் காபியைக் கழுநீர் என்று ஓயாமல் கிண்டலடித்திருக்கிறோம். அதற்கு வருந்துகிறேன்.

வெல்மாவை எனக்குப் பிடிக்கும். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். போர் முடிந்ததிலிருந்து என் நாடகத்தில் அவளுக்கு வாரம் ஒரு சாவு. "நான் செத்துச் செத்துப் பிழைக்கிறவ, எல்வுட்" என்று சிரிப்பாள். இன்று கழுத்து நெரிபட்டுச் சாவாள். நாளை ஹாலிவுட் கடைத்தெருவில் தொப்பிக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள்.

எங்களுக்குப் பணம் போடுகிற சோப்புக் கம்பெனி முதலாளி போன மாதம் வந்தார். "யோவ் டைரக்டரே, அந்தம்மா சாகும்போது என் பொண்டாட்டி கொட்டாவி விடுறா. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்" என்றார். நியாயமான பேச்சு. சாவு அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

அவளுக்கு ஆஸ்துமா. ஒருநாள் ஒத்திகையில் நடிகர்கள் விட்ட சிகரெட் புகையில் அவளுக்கு மூச்சு இழுத்துவிட்டது. பையிலிருந்த மருந்துக் குழலின் ரப்பர் பந்தை அமுக்கி வாயில் அடித்துக்கொண்டாள், சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்ததே, எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒலிபரப்பு நாளில் எல்லோரையும் தாராளமாகப் புகைக்கச் சொன்னேன். வளையல், சாவி, சில்லறை என்று சத்தம் போடும் எதையும் ஸ்டூடியோ வாசலிலேயே தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"அந்த ரப்பர் பந்தும் கீச்சுன்னு கத்துது, வெல்மா. வெச்சுட்டுப் போ."

"நடுவுல இழுத்துக்கிச்சுன்னா?"

"நான்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கண்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்திருக்கேனே. பார்த்துக்கிறேன், போ."

நம்பி வைத்துவிட்டுப் போனாள்.

நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்தால் வசனம் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. கழுத்தை நெரிக்கும் காட்சியில் அவளுக்கு மூச்சு முட்டியது. வசனத் தாள் கையிலிருந்து விழுந்தது. என்னைப் பார்த்தாள். பிசைந்த மாவை இழுப்பதுபோல் இரண்டு கைகளையும் மெதுவாக விரித்துக் காட்டினேன். இன்னும் நீட்டு என்று அதற்கு அர்த்தம். துப்பறிவாளனாக நடிக்கும் கர்ட்டிஸ் கதவை நோக்கி நகர்ந்தான். உள்ளங்கையைக் காட்டினேன், நின்றுவிட்டான். பாவம், அவனுக்கும் பிழைப்பு வேண்டும்.

அவள் மைக்கைப் பிடித்தபடியே சரிந்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். "என் பொண்டாட்டி ரேடியோவை அணைக்கச் சொல்லிக் கத்துறாய்யா. இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்க நாடகத்துக்குத்தான் என் பணம்."

தெரிந்துதான் செய்தேன், லெப்டினன்ட். கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் கடைசியில் ஒரு தப்பு நடந்தது, அதைக் கர்ட்டிஸ் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். "எல்வுட்... கதவு... திற..." என்றாள். எல்வுட் என்று எங்கள் கதையில் யாருமே இல்லை. நல்லவேளை, அவள் உதடு அசைந்ததுமே ஆர்கன் வாசிப்பவருக்குக் கை காட்டிவிட்டேன். நேயர்களுக்கு இசை மட்டும்தான் கேட்டது. இத்தனை வருடத்தில் அவள் வசனத்தை மாற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் அதை மன்னித்துவிட்டேன்.