பழைய போர்வை, உபரி டைல்ஸ்

– நீ திறந்து லேபிள் மாத்தினது எத்தனை பெட்டி? அதை மட்டும் சொல்லு சின்னு.

– நாலு, அண்ணி. அலமாரி நடுத்தட்டுல இருந்த நாலும்.

– நாலுமா?

– நாலும். நீங்க ஆபீசுக்குப் போயிட்டீங்க, அண்ணனும் வேலைக்குப் போயாச்சு. சும்மா உக்காந்திருக்க எனக்கு வராது. லேபிள் மெஷின் மேஜைமேலயே இருந்துச்சு.

– லீவுல வந்தவ ரெண்டு நாள் காலை நீட்டித் தூங்கக் கூடாதா?

– லீவுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை அண்ணி. அந்த மெஷினைப் போன வருஷம் நான்தானே வாங்கிக் குடுத்தேன், பின்னல் சாமானையெல்லாம் லேபிள் ஒட்டி ஒழுங்கா வச்சுக்குங்கன்னு.

– ஒட்டித்தானே வச்சிருந்தேன், என் தங்கமே.

– என்ன ஒட்டியிருந்தீங்க? 'பழைய போர்வை'. காலைல குளிருதேன்னு போர்வை எடுக்கத் திறந்தேன். உள்ள பார்த்தா பதினாலு உருண்டை கம்பளி நூல். பேருக்குக்கூட ஒரு போர்வை இல்லை.

– குளிருதுன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. நான் போத்துறதையே எடுத்துக்கச் சொல்லியிருப்பேன்.

– சரி, ஏதோ கைத்தவறுன்னு அடுத்ததைத் திறந்தேன். 'மின்சார பில்'. உள்ள நீல நூல். 'உடைஞ்ச பிளக்'. உள்ள புதுப் பின்னல் ஊசி, உறைகூடப் பிரிக்கலை. நாலாவது 'கல்யாண ஆல்பம்'. அதுல எப்படி அண்ணி உங்களுக்குப் பச்சை நூலைத் திணிக்க மனசு வந்துச்சு?

– உன் அண்ணன் வாழ்நாள்ல திறக்காத பெட்டி வேணும்னு யோசிச்சேன். அதுதான் தோணுச்சு.

– ஒரு விஷயம் சொல்லட்டுமா? பொய் லேபிளைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும். ரத்தம் டெஸ்ட் பண்ற லேபுல இருபது வருஷம். ஒரு குழாய்ல பேர் மாத்தி ஒட்டினா போதும், பாயசத்தைப் பார்த்தாலே ஓடுற மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி வந்துடும். மாத்திரையும் முழுங்க ஆரம்பிச்சுடுவார்.

– இது ரத்தம் இல்லைம்மா. நூலு.

– எதுவா இருந்தாலும் உள்ளதை உள்ளபடி ஒட்டணும்.

– அதுக்காக இப்படியா? நீயே படி. அந்த முதல் பெட்டியை.

– 'கம்பளி நூல். கடுகு மஞ்சள். பதினாலு உருண்டை. வாங்கிய தேதி, ஆகஸ்ட் ஒன்பது. வெயில் படாமல் வைக்கவும்.' நல்லாத்தானே இருக்கு?

– வாங்கின தேதி எதுக்குடி?

– தேதி போடாம ஒரு லேபிளா? ரசீது உள்ளயே இருந்துச்சு. நாலு பெட்டிலயும் இருந்துச்சு.

– அதைக் கிழிச்சுப் போடாதது என் புத்தி கெட்டத்தனம். கடைல கேட்டா மாத்திக் குடுப்பாங்கன்னு பத்திரப்படுத்தினேன்.

– ஏன் அண்ணி முகமெல்லாம் வேர்க்குது?

– கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற காகிதம் உனக்கு ஞாபகம் இல்லையா?

– நீங்களும் அண்ணனும் போட்ட பந்தயமா?

– அதேதான். வருஷம் முடியறவரைக்கும் நான் ஒரு உருண்டை நூல் வாங்கக் கூடாது, அவர் ஒரு பழைய கடிகாரம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே வீட்டுல கிடக்கிறதை முதல்ல முடிக்கணும். வாங்கினவங்க இந்த அறையை அடுத்தவங்களுக்கு விட்டுடணும். இன்னும் பன்னெண்டு நாள்தான் பாக்கி. கரை ஏறிட்டேன்னு நினைச்சேன், நீ வந்து கவுத்துட்ட.

– அது விளையாட்டுக்குப் போட்டது இல்லையா? என்னை நடுவர்னு எழுதி கையெழுத்து வாங்கினப்போ ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்களே.

– விளையாட்டுதான். ஆனா உன் அண்ணன் ஜெயிச்சா மூணு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார். அதைக்கூடப் பொறுத்துக்கலாம் சின்னு. இந்த வீட்டுல வெளிச்சம் வர்ற அறை இது ஒண்ணுதான். ஆபீஸ்லேருந்து வந்து இந்த ஜன்னல்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பின்னுவேன். நாள் முழுக்க யார் யாருக்கோ ஓடுறேன், அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கே எனக்கு. இதுவும் போச்சுன்னா அடுப்புப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வேண்டியதுதான்.

– இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் மூடி வச்சிருப்பேனே.

– பொய் சொல்லாதே. உனக்குக் கை அரிச்சிருக்கும்.

– ஆமா, அரிச்சிருக்கும்.

– ஆறரைக்கு வந்துடுவார். மணி இப்பவே ஆறு தாண்டியாச்சு. மெஷினை எடு, 'பழைய போர்வை'ன்னு அடி.

– என் கையால அடிக்க மாட்டேன் அண்ணி. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

– சரி, நான் அடிக்கிறேன். நீ ஒட்டினதைப் பிச்சு எடு.

– அது வராது. ஃப்ரீசர்ல வச்சாலும் உரியாத டேப்பா பார்த்துப் போட்டிருக்கேன்.

– உன் திறமைல தீ வைக்க. அப்ப பெட்டியை மறைச்சாவது வைப்போம். கீழ்த்தட்டுல டைல்ஸ் பெட்டி மூணு இருக்கு பாரு, அதைத் தூக்கி இதுக்கு முன்னாடி வை.

– எது, இந்த 'உபரி டைல்ஸ்'ஸா? செம கனமா இருக்கே. இதையும் நீங்கதானே ஒட்டினீங்க?

– நான் எங்க ஒட்டினேன்? நான் இல்லை.

– நானும் இல்லை, கீழ்த்தட்டுக்கு நான் இன்னும் வரவே இல்லை. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன்.

– அப்ப உன் அண்ணன் ஒட்டியிருப்பார். அது அங்க ரொம்ப மாசமா இருக்கு.

– அண்ணி, இது வாடகை வீடுதானே?

– ஆமா.

– வாடகை வீட்டுக்கு யார் டைல்ஸ் வாங்கி வைப்பாங்க?

– அட, ஆமால்ல.

– இத்தனை மாசமா நீங்க கேக்கவே இல்லையா?

– எப்படிக் கேப்பேன்? இந்த அலமாரிப் பக்கம் பேச்சே வரக் கூடாதுன்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். டைல்ஸ்னா டைல்ஸ்னு விட்டுட்டேன்.

– அந்தக் கத்தரிக்கோலைக் குடுங்க.

– இந்தா. மெதுவா வெட்டு. என்ன இருக்கு? ஏன் சிரிக்கிற?

– கடிகாரம்.

– எத்தனை?

– இதுல மூணு. இருங்க, அடுத்ததுல ரெண்டு. இதுலயும் ரெண்டு. மொத்தம் ஏழு. ஒண்ணுக்கு முள்ளே இல்லை.

– அட படுபாவி மனுஷா. தினமும் சாப்பிடும்போது, 'என்னைப் பாரு, கடைத்தெரு பக்கம் தலைவச்சுப் படுக்கலை'ன்னு என்னா பெருமை. நானும் பயந்து பயந்து தலையை ஆட்டினேனே.

– கீறல் விழாம ஒவ்வொண்ணையும் எதுலயோ சுத்தி வச்சிருக்கார். ஏதோ சாம்பல் கலர் நூல்.

– காட்டு. சின்னு, இது என் நூல்டி. ஏப்ரல்லேருந்து தேடுறேன். ரெண்டு கையும் பின்னாம ஸ்வெட்டர் ஒண்ணு அப்படியே நிக்குது. இதைக் காணோம்னுதான் முதல் தடவை கடைப் படி ஏறினேன். இது மட்டும் கிடைச்சிருந்தா சத்தியமா நான் எதையும் வாங்கியிருக்க மாட்டேன்.

– சாம்பல் நூலுக்குப் போனவங்க மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் ஏன் வாங்கினீங்க?

– ஏறினவளை அந்தக் கடை சும்மா இறங்க விடுமா? அதை விடு. என்னைத் தப்பு பண்ண வச்சது உன் அண்ணன்தான், எழுதிக்கோ.

– எழுதிக்கிறேன். இந்த ஏழாவதைப் பாருங்க. இதைச் சுத்தியிருக்கிறது கடுகு மஞ்சள்.

– அது 'பழைய போர்வை'க்குள்ள இருந்ததாச்சே?

– ரசீதுல பதினஞ்சு உருண்டை. நான் எண்ணினது பதினாலு. ஒண்ணு எங்க போச்சுன்னு காலைலேருந்து சோறு இறங்கலை எனக்கு. இப்பதான் நிம்மதி.

– உனக்கு நிம்மதி. எனக்கு வயிறு எரியுது. அப்ப அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை.

– திறந்தா டைல்ஸும் வெளிய வந்துடுமே.

– நல்ல ஜோடி நாங்க. உங்க வீட்டுல தேடித் தேடித்தான் என்னைப் பிடிச்சாங்க போல.

– சிரிக்கிறீங்களே, கோபம் இல்லையா?

– இருக்கு. ஆனா அவரைவிட என்மேலதான் எனக்குச் சிரிப்பா வருது. சரி, இனிமே பயமில்லை. நானும் வாங்கினேன், அவரும் வாங்கினார். பந்தயம் ரத்து. அறை எப்பவும்போல என்னோடது.

– அப்படி இல்லை அண்ணி. காகிதத்துல மூணாவது வரி ஒண்ணு இருக்கு.

– மூணாவது வரியா? கதவைச் சாத்து, பார்ப்போம்.

– 'இருவரும் தவறினால் அறை நடுவருக்கு.' அண்ணன் கையெழுத்துதான்.

– இது சும்மா தமாஷுக்கு எழுதினது. ஆறு மணி நேரம் பஸ்ல வரணும் நீ, உனக்கு எதுக்கு அறைன்னு எழுதினது.

– கீழ உங்க கையெழுத்தும் இருக்கு.

– ஓஹோ. அப்ப இதுக்காகத்தான் காலைலேருந்து பெட்டி பெட்டியா பிரிச்சியா?

– உள்ளதைச் சொல்லிடறேன். முதல் பெட்டி போர்வைக்காகத்தான் பிரிச்சேன். மத்த மூணும் மூணாவது வரி ஞாபகம் வந்த பிறகு.

– அடி கள்ளி! இருபது வருஷமா ஊசி குத்தினவ, வலிக்காம குத்தியிருக்க. சரி, எடுத்துக்கோ. ஜன்னல் ஓரமா கட்டில் போட்டுத் தரேன், ராணி மாதிரி இரு. உன் அண்ணன் ஹால்ல ஏழு கடிகாரத்தையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காரட்டும்.

– அப்ப உங்க ஒரு மணி நேரம்?

– சாயங்காலம் கட்டில்ல ஒரு ஓரமா எனக்கு இடம் விடு. அது போதும்.

– தாராளமா விடுவேன். நீங்க நிஜமாத்தான் சொல்றீங்களா அண்ணி?

– இதுல என்ன பொய்? ரெண்டு நாளா இந்த வீடு கலகலன்னு இருக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. இருக்கச் சொன்னாலும் நீ எங்க இருக்கப் போற? கொண்டு வந்த பெட்டிமேலயே 'பத்து நாள் துணி'ன்னு அழகா ஒட்டிட்டு வந்திருக்க. பத்து நாள் துணியாம், அதைத் தூக்கி உன் அண்ணனுக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு.

– லிஃப்ட் சத்தம் கேக்குது. அண்ணன் வந்துட்டார்.

– வரட்டும், இன்னைக்கு அவருக்கு இருக்கு. நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்ட? சின்னு, இங்க பாரு. என்னடா?

– லேபைப் போன மாசமே மூடிட்டாங்க அண்ணி. நான் இருந்த வாடகை வீட்டுச் சாவியையும் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். மூணு தடவை போன் பண்ணி, இங்க வந்து இருக்கட்டுமான்னு கேக்க வெக்கமா இருந்து, சும்மாதான் கூப்பிட்டேன்னு வச்சுட்டேன். நான் இதுவரைக்கும் ஒட்டினதுலயே பொய் லேபிள் என் துணிப் பெட்டிமேல இருக்கிறது ஒண்ணுதான்.