நாலு பேரைப் போட்டாச்சு

— வண்டிய ஓரங்கட்டுங்க மாமா! நிறுத்துங்கங்கிறேன்ல!

— என்ன வாணி, சேலை சக்கரத்துல மாட்டிக்கிச்சா?

— மெயில் வந்துருச்சு! நாலு பேரு! நாலு பேரைப் போட்டுட்டாக!

— அடி ஆத்தாடி, நடுரோட்டுல குதிக்காத. கந்தர்வக்கோட்டை பஸ்ஸே எட்டிப் பாக்குது. யாரு, யாரைப் போட்டாக?

— என் புரோகிராமுக்குங்க! பழைய ஃபாண்டுல அடிச்ச தமிழு இப்பத்த கம்ப்யூட்டர்ல கன்னாபின்னான்னு தெரியுமே, அதைப் படிக்கிற மாதிரி மாத்துறது.

— அது எவரோ எழுதிப்புட்டு அம்போன்னு விட்டுட்டுப் போனதுல்ல?

— விட்டுட்டுப் போனதத்தான நான் தூக்கி வளத்தேன். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து.

— ஓப்பன் சோர்ஸு! யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்தலாம்பியே. எடுத்தது ஊரு ஒலகம், திருத்துனது நீ ஒருத்தி.

— அதேதான்! போன மாசம் ‘இனிமே என்னால முடியல’ன்னு எழுதிப் போட்டேன்ல, வெலவெலத்துப் போயிட்டாக. அதை வச்சுப் பொழைக்கிற கம்பெனியெல்லாம் ஒண்ணு கூடி, இதுக்குன்னே ஒரு டீம். முழுநேர வேலை, மாமா!

— அட்றா சக்கை! கஜா புயலப்ப டிராக்டர் பேட்டரியில லேப்டாப்ப மாட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தியே. ஹரிணி பொறந்தப்ப...

— வலி எடுத்துருச்சு. ‘ற’ எல்லாம் ‘ர’வா மாறுதுன்னு ஜப்பான்லேருந்து ஒருத்தன் மெசேஜ் போடுறான்.

— அதைச் சரி பண்ணிப்புட்டுத்தான புள்ளையப் பெத்த! நர்ஸம்மா என்னையத்தான வஞ்சாக.

— கேளுங்களேன் மாமா...

— நீ கேளு. நம்ம பூக்கடை மாடி சும்மாத்தான கெடக்கு? வெள்ளையடிச்சு, ஃபேன மாட்டி, நாலு டேபிள். ஒனக்கு மட்டும் சுத்துற நாற்காலி. வாசல்ல போர்டு, ‘இசைவாணி அடைக்கலம், தலைவர்’!

— சிரிக்க வைக்காதீங்க, வயிறு வலிக்குது.

— இப்ப காதுகுத்துக்குப் போறோம்ல, மொத வேலையா சின்னப்பிள்ளை அத்தைக்கிட்டச் சொல்லணும். ‘பொட்டியத் தட்டி ஒம் பொண்டாட்டி என்னத்தக் கண்டா’ன்னு சபையில வச்சுக் கேட்டுச்சே!

— ஐயோ, நான் சொல்ல வந்ததே வேற.

— என்ன வேற? தலைவரு நீதான? ஒன்னைய விட்டா அதோட நாடி யாருக்குத் தெரியும்?

— அப்படித்தான் நேத்து அவுகளும் கெஞ்சுனாக. முடிவாகட்டும்னுதான் ஒங்ககிட்ட மூச்சு விடல. நாலும் நல்ல புள்ளைக மாமா, என்னைய விட நல்லாப் பாத்துக்கும். பாஸ்வேர்டெல்லாம் அதுக கைக்குப் போயிருச்சுன்னும் மெயில்ல போட்டுருக்கு.

— அப்ப நீ?

— நான் அந்த டீம்லயே இல்ல! இனிமே அது எங்க ஒடஞ்சாலும், போனு வேற யாருக்கோ வரும் மாமா!