மகள் பார்த்த ரத்தப் பரிசோதனை

தஞ்சாவூரிலிருந்து வலங்கைமான் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சற்றுச் சத்தமாகவே சொன்னார்:

"நல்லா சாப்புட்டு நடமாடிக்கிட்டிருந்த மனுசன ஆஸ்பத்திரில படுக்க வச்சுட்டா என் மக."

"ஏன்க்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கொரோனா சமயம். எங்க வீட்டுக்காரருக்கு லேசா காய்ச்சல்தான். நாத்தங்கால்ல வேலை கெடக்குன்னு கெளம்புனாரு. மக அப்பதான் டாக்டரா வேலைக்குச் சேந்துருந்தா. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, 'அப்பா, ரத்தம் உறையற தன்மை ரொம்பக் கூடியிருக்கு. இப்படி இருக்கறவங்களுக்குத்தான் திடீர்னு மூச்சு தெணறுது. இப்பவே சேந்துருங்க'ன்னா."

"கேட்டாரா?"

"எங்க கேட்டாரு! ஒரே சண்டை. கடைசில அவ அழுதுட்டா. அதுக்குத்தான் எறங்கி வந்தாரு. மறுநாளே மூச்சு முட்டிப்போச்சு. அங்கயே இருந்ததால உடனே ஆக்சிஜன் வச்சாங்க, பொழச்சாரு."

"புண்ணியவதி!"

"இப்ப ஊரெல்லாம் அதே பேச்சுதான். 'ஒங்க மகளுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?'ன்னு யாராச்சும் கேட்டா, 'என் ரத்தம் அவளுக்குத் தெரியாதா?'ங்குறாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜன்னலோரத்துப் பெண் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரத்தம் அவரோடதாவே இருந்துட்டுப் போகட்டும். நாத்து நட்டு, களை பறிச்சு, அவள டாக்டருக்குப் படிக்க வச்சது நாந்தான்."